மின்மடற் பெட்டியும் அதன் திறவுகோலும்

தகடூர் நாட்டுக்குத் தூது புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கொண்டு அறிகின்றோம். இளங்கலை வகுப்பில் ஆண்டுதோறும் இச்செய்தியை எடுத்துரைக்கும்போது, தூது சென்றவர் ஒரு பெண்பாற் புலவர் என்பதைச் சற்று அழுத்தியே சொல்வது நம் வழக்கம். பின்னர்ச் சிற்றிலக்கியப் பாடத்தில் நெஞ்சும் கிளியும் மேகமும் தூது போகின்றன. தமிழ்விடு தூது என்னும் நூலிலோ தமிழே தூதாகப் புறப்படுகின்றது. இவ்வளவையும் தேர்வுத் தாளில் மூன்று பக்கத்துக்குக் குறையாமல் எழுதவல்ல நம் மாணாக்கருள் பலர்க்குத் தம் பெயரில் ஒரு மின்மடல் முகவரி இல்லை. இருப்பவர் பலர்க்கும் அதன் திறவுகோல் வேறொருவர் கையில் உள்ளது. இதனைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். மின்னஞ்சல், மின்மடல் என இரண்டும் வழங்குகின்றன. அஞ்சல் என்பது அண்மையில் புனைந்த சொல் என்று கருதுவோர் உளர். திருவிதாங்கூர் அரசு நடத்திய தபால் துறையின் பெயரே அஞ்சல் என்பதுதான். 1951-ஆம் ஆண்டில்தான் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. எனவே முறைமையைக் குறிக்க மின்னஞ்சல் என்றும், அதன்வழிச் செல்லும் ஒரு கடிதத்தைக் குறிக்க மின்மடல் என்றும் நாம் வழங்குவோம். 'பாஸ்வேர்டு' என்பதற்குக் கடவுச்சொல் என்னும் ஆக்கம் நன்கு அமைந்துள்ளது. கடவு என்பது வழி. கடவுச்சீட்டு இருந்தால் நாடு கடக்கலாம், கடவுச்சொல் இருந்தால் வாயில் கடக்கலாம். நம் மாணவர் ஒருவர் இதனைக் 'கடவுள்சொல்' என்று எழுதி வந்தார். திருத்தினோம். ஆயினும் யாரிடமும் வெளியிடாமல் நெஞ்சில் வைத்துப் போற்ற வேண்டிய சொல் என்ற அளவில் அவர் எழுதியதிலும் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து வலைப்பின்னல் வழியே மற்றொரு கணிப்பொறிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது. தட்டச்சுப் பலகையில் அதிகம் பயன்படாதிருந்த, கணக்கர்கள் விலைக்குறிப்பில் இட்டு வந்த 'அட்' குறியை அவர் தேர்ந்தார். இன்ன ஆள், இன்ன இடத்தில் என்பதே அக்குறியின் பொருள். அம்முதல் மடலில் என்ன எழுதினோம் என்பது அவருக்கே பின்னாளில் நினைவில் இல்லை. பெரும்பாலும் விசைப்பலகையில் விரல் போன போக்கில் தட்டிய எழுத்துக்களாக இருக்கலாம் என்று சொன்னார். தூதின் வரலாற்றில் இத்தகைய பொருளற்ற தூது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைப் பெருநகரங்களில் திறந்துவிட்டது. அந்நாளில் மின்னஞ்சல் என்பது இணைப்புத் தரும் நிறுவனத்தோடும், வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் ஒரு கணிப்பொறியோடும் கட்டுண்டு கிடந்தது. தொலைபேசியும் கணிப்பொறியும் இணைப்புக் கட்டணமும் உடையவர்க்கே மடல். அரூரிலும் பாலக்கோட்டிலும் இருப்பவர்க்கு அது எட்டாக் கனி. இக்கட்டை அவிழ்த்தவர்கள் இருவர். ஒருவர் பெங்களூரில் பள்ளிப் படிப்பு பயின்று அமெரிக்கா சென்ற சபீர் பாட்டியா. மற்றவர் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித். ஒரே நிறுவனத்தில் பணியாற்றிய அவர்கள் தம் சொந்தத் தொழில் முயற்சியைப் பற்றி ஒருவர்க்கொருவர் மடல் எழுத விரும்பினர். ஆனால் அலுவலகக் கணிப்பொறியில் தம் சொந்த மடலைத் திறக்க இயலவில்லை. அலுவலக மடலில் எழுதினாலோ முதலாளியின் கண்ணில் படும். எந்தக் கணிப்பொறியிலும் இருக்கும் உலவியைத் திறந்து, தன் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு மடலைக் காண வழி செய்தால் என்ன என்று எண்ணினர். அவ்வாறு பிறந்ததே ஹாட்மெயில். 1996 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று அதனை வெளியிட்டனர். நாளைத் தேர்ந்ததிலேயே கருத்து இருந்தது. 1997 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஏறத்தாழ 40 கோடி டாலர் மதிப்பில் அதனை வாங்கியபோது, பதிவு செய்திருந்தோர் 80 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு மடலின் அடியிலும், நீங்களும் இலவசமாக ஒரு முகவரி பெறலாம் என்று ஒரு வரி தானே ஒட்டிக்கொண்டு போயிற்று; அவ்வரியே விளம்பரமாயிற்று. பிற்காலத்தில் அந்நிறுவனம் பெயரை அவுட்லுக் என மாற்றியது. பழைய ஹாட்மெயில் முகவரிகள் இன்றும் இயங்குகின்றன.

இதன் இயக்கத்தை மாணாக்கர்க்கு விளக்க நாம் கையாளும் உவமை நம் சமுதாயத்துப் பெரியோர்க்கு எளிதில் புலப்படும். அந்நாளில் வளைகுடா நாடுகள் பலவற்றில் தபால்காரர் வீடு தேடி வந்ததில்லை. தபால் நிலையத்தில் எண்ணிட்ட பெட்டி ஒன்று இருக்கும். திறவுகோல் உடையவர் போய்த் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சவூதிக்கும் துபாய்க்கும் கடிதம் எழுதிய நம் வீட்டுத் தாய்மார் எல்லாரும் 'பி.ஓ. பாக்ஸ்' என்னும் தொடரை ஆங்கிலம் அறியாமலே அறிவர். உலவிவழி மின்னஞ்சல் அத்தகைய பெட்டியே. ஒரே வேறுபாடு, இப்பெட்டியை எந்த ஊரிலிருந்தும் எந்தக் கணிப்பொறியிலிருந்தும் திறக்கலாம். மடல் நம் கைப்பேசிக்குள் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அன்று, அது நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கின்றது. கைப்பேசி தொலைந்தாலும் மடல் தொலைவதில்லை. திறவுகோல் தொலைந்தால்தான் எல்லாம் தொலையும்.

நம் மூத்த சகோதரர் அந்நாளில் தம்மாமில் பணியாற்றினார். அவருக்கு நிறுவனத்தின் பெட்டி எண்தான் முகவரி. நாம் எழுதும் கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். நன்னியின் உடல்நலம் குறித்து அவர் கேட்ட கேள்விக்கு நாம் எழுதிய விடை போய்ச் சேர்வதற்குள் நன்னி குணமாகி, மீண்டும் படுக்கையில் விழுந்து, மீண்டும் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். சவூதி அரேபியாவில் 1999-இல் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்த அண்ணன், தருமபுரிப் பேருந்து நிலையத்தை அடுத்த ஓர் இணைய நிலையத்துக்கு நம்மை அழைத்துச் சென்று, ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் அமர்த்தி, ஒரு முகவரி அமைத்துக் கொடுத்தார். மணிக்கு 40 ரூபாய். பெயர் கேட்டது, ஊர் கேட்டது, பிறந்த நாள் கேட்டது, தொழில் கேட்டது. எல்லாம் இட்டு அழுத்தினால், அப்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. உலகில் நம் பெயர் கொண்டோர் இத்தனை பேரா என்னும் வியப்பு அன்றுதான் தோன்றிற்று. பெயரின் பின்னால் பிறந்த ஆண்டைச் சேர்த்து ஒருவாறு இடம் பிடித்தோம். "தம்பி, இந்தச் சொல்லை மட்டும் யாருக்கும் சொல்லிடாதே. எனக்கும் சொல்லாதே" என்று கூறி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாம் கடவுச்சொல்லைத் தட்டி முடிக்கும் வரையில் அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆசிரியப் பயிற்சியும் பெறாத அவர் அன்று கற்பித்த முறையினும் சிறந்த முறையை இதுவரை நாம் கண்டதில்லை.

அதன்பின் வாரம் ஒரு முறை மிதிவண்டியில் நகருக்குச் சென்று அண்ணனின் மடலைத் தாளில் அச்சிட்டு வாங்கி வருவோம். ஒரு தாளுக்கு ஐந்து ரூபாய். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். நாம் வீட்டில் உரக்கப் படிப்போம். அத்தாவுக்கு அது நிறைவளிக்கவில்லை. "அவன் சொல்றது எல்லாம் இருக்குப்பா, அவன் கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். தபாலில் வந்த கடிதங்களை அவர் எழுத்தின் சாய்வைக் கொண்டே படித்திருக்கின்றார். வரி கீழிறங்கினால் மகன் களைப்பில் எழுதியிருக்கின்றான் என்பது அவர் கணிப்பு. அச்செழுத்தில் அத்தகைய சாய்வு ஏது? ஆயினும் அத்தாள்களையும் மடித்துப் பழைய கடிதங்களோடு தகரப் பெட்டியில் வைத்தார். அவை இன்றும் உள்ளன. நாம் 2001-இல் அமைத்த அந்தப் பெட்டியோ நெடுநாள் திறக்கப்படாமல் மூடுண்டது. அதிலிருந்த மடல்களுள் எஞ்சியவை அத்தா வைத்த தாள்களே. எல்லாம் கணிப்பொறியில் இருக்கின்றன, தாள் எதற்கு என்று பேசுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அண்ணன் ஏன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார் என்று இன்றைய மாணாக்கர் கேட்கின்றனர். கேட்பதில் நியாயம் உண்டு. கைப்பேசியில் தமிழ் தானே வருவது அவர்கள் கண்ட உலகம். அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. நாம் ஓர் எழுத்துருவில் அனுப்பும் மடலைப் பெறுபவர், அதே எழுத்துரு தம் கணிப்பொறியில் இல்லையெனில், பொருளற்ற குறிகளையே காண்பார். தமிழையே தூதனுப்பிய மொழிக்குத் தன் எழுத்தைத் தூதனுப்ப முடியாத நிலை.

இச்சிக்கலை அவிழ்க்க முயன்றோருள் ஒருவரைத் தமிழ்த்துறையினராகிய நாம் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி (1946–1999) கணிப்பொறிப் பொறியாளர் அல்லர், சிறுகதை எழுத்தாளர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர். கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழ் எழுத்துக்கு இடம் தேடித் தந்தவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழும் இணையமும் பற்றிய முதல் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. இரண்டாம் மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. தமிழ் 99 விசைப்பலகை அங்குத்தான் உருப்பெற்றது. அதற்குச் சில மாதங்களில் அவர் மறைந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல், தமிழில் மடல் எழுதுவோர்க்குப் பெருந்துணையாயிற்று. மென்பொருளுக்கு 'அஞ்சல்' என்று பெயர் வைத்ததே அதன் நோக்கத்தைக் காட்டும். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். உலகின் பல மூலைகளில் இருந்த ஆர்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு மின்மடல் வழியே பகிர்ந்து, பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் படிக்க வைத்தனர். ஊதியம் இல்லை, ஒருவரையொருவர் நேரிற் கண்டவரும் மிகச் சிலரே. நம் நூலகத்தில் கிடைக்காத நூலை இன்று ஒரு மாணவி விடுதி அறையிலிருந்தே படிக்கின்றார் என்றால் அதற்குப் பின்னால் அம்மடல்கள் உள்ளன. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு பரவிய பின்னரே எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் இயங்குதளம் யூனிகோடு தமிழை ஏற்றது; நம் ஊர் இணைய நிலையங்களுக்கு அது வந்து சேரப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

2004 ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. அந்நாளில் ஹாட்மெயிலில் இலவச இடம் 2 மெகாபைட், யாகூவில் 4. ஜிமெயிலோ ஒரு கிகாபைட் தருவதாகச் சொன்னது. நாளைக் கருதி விளையாட்டுக்குச் சொல்கின்றனர் என்றே பலர் எண்ணினர். இன்று நம் மாணாக்கர்க்கு மின்மடல் என்றாலே ஜிமெயில்தான். கைப்பேசி வாங்கியவுடன் அது கேட்கின்றது. கடைக்காரர் ஏதோ ஒன்றை அமைத்துத் தருகின்றார். பின்னர் எவரும் அதைத் திறப்பதில்லை. முகவரி என்ன என்று கேட்டால் கைப்பேசியை நம்மிடம் நீட்டுகின்றனர்.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து நம் துறையில் பயின்ற மாணவி ஒருவர். குடும்பத்தில் முதற் பட்டதாரி. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் இணையவழி என்பதால் ஊரிலிருந்த ஒரு மையத்துக்குச் சென்றார். அங்கே அமர்ந்திருந்தவர் அவர்தம் சான்றிதழ்களை வருடி ஏற்றி, பணம் பெற்று, அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார். மின்னஞ்சல் முகவரி என்னும் கட்டத்தில் அம்மையத்தின் முகவரியையே இட்டார். தீய எண்ணத்தால் அன்று. வரிசையில் நிற்போர் எல்லார்க்கும் தனித்தனி முகவரி அமைக்க அவருக்கு நேரம் இல்லை. சான்றிதழ் சரிபார்ப்புக்கு இன்ன நாளில் வருக என்னும் மடல் அம்முகவரிக்கு வந்தது. மையத்தின் பெட்டியில் திறவாத மடல்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. பதினொரு நாள் கழித்து, உடன் பயின்ற தோழி அழைக்கப்பட்டதை அறிந்து இவர் ஓடிச்சென்று கேட்டபோது நாள் கடந்திருந்தது. "சார், லெட்டர் வந்திருந்தா போஸ்ட்மேன் வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்திருப்பாரு இல்ல?" என்று அவர் நம்மிடம் கேட்டார். அழவில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அவருடைய ஓராண்டு அவ்வாறு போயிற்று. அவ்வாண்டு வீட்டில் மணப்பேச்சு எழுந்ததும், அவருடைய தாயார் அதனைத் தடுத்து நிறுத்தியதும் பின்னர் நாம் அறிந்தவை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் வியாழக்கிழமைதோறும் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் துறை அறையில் மின்னஞ்சல் கற்பிக்கத் தொடங்கினோம். நான்கு பருவங்களாக நடக்கின்றது. கற்பிப்பதில் நமக்குப் புலப்பட்டவற்றைச் சொல்வோம்.

பெயர்தான் முதற் கண்டம். முன்பெயர், பின்பெயர் என்று படிவம் கேட்கின்றது. தமிழர்க்குத் தலைப்பெழுத்து உண்டு, பின்பெயர் ஏது? சான்றிதழில் உள்ளவாறே இடுக, தலைப்பெழுத்தைப் பின்பெயர்க் கட்டத்தில் இடுக என்கின்றோம். நம் சமுதாய மாணாக்கர்க்கு மற்றொரு தொல்லை. முகம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஒற்றை 'எம்'மா, இரட்டை 'எம்'மா. முதலில் 'ஓ'வா, 'யூ'வா. ஈற்றயலில் 'ஏ'யா, 'இ'யா என ஒரே வீட்டில் அண்ணன் தம்பியர் மூவர் மூன்று வகையாக எழுதுவர். பள்ளியில் சேர்த்த நாளில் எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படியே ஆயுள் முழுதும். ஊர்த் தபால்காரர்க்கு இது பொருட்டன்று. பள்ளிவாசல் தெரு என்று மட்டும் எழுதினாலும் அத்தாவின் பெயரைக் கொண்டு வீடு சேர்ப்பார். மின்னஞ்சலுக்கு அத்தகைய கண்ணோட்டம் இல்லை. ஓரெழுத்து மாறினால் மடல் திரும்பி வரும். அல்லது முன்பின் அறியாத எவரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். எனவே நீண்ட பெயரைச் சுருக்குக, வாயாற் சொன்னால் மற்றவர் பிழையின்றி எழுதுமாறு அமைக்க என்று வற்புறுத்துகின்றோம். ஜிமெயிலில் இடையே இடும் புள்ளி கணக்கில் சேராது; புள்ளி இட்டாலும் இடாவிட்டாலும் முகவரி ஒன்றே. இதனை அறிந்தபோது மாணாக்கர் அடைந்த வியப்பு பெரிது. கிண்டலுக்காகத் திரைப்பட நடிகரின் பட்டப் பெயரை முகவரியாக்கிக் கொண்ட மாணவர் ஒருவர், அதனை வேலை விண்ணப்பத்தில் எழுதும் நாள் வந்ததும் தாமே புதிது ஒன்று அமைத்துக்கொண்டார். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கடவுச்சொல். கைப்பேசி எண்ணையோ பிறந்த நாளையோ வைப்பது வாயிற்படியின் மேலேயே சாவியை வைத்துவிட்டுப் போவது போன்றது. தமிழ் மாணாக்கர்க்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. தாம் மட்டும் அறிந்த ஒரு தமிழ்த் தொடரை, நான்கைந்து சொல் கொண்டதாக, ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தட்டி, நடுவே ஓர் எண்ணைச் செருகினால் அயலார் ஊகித்தல் அரிது. மனத்தில் நிற்காது என்று அஞ்சுவோர் குறிப்பேட்டில் எழுதி வீட்டில் பூட்டி வைக்கலாம். எழுதவே கூடாது என்று கணிப்பொறித் துறையினர் சிலர் சொல்வர். மறந்துபோய்ப் பெட்டியையே இழப்பதைவிட எழுதி வைப்பது மேல் என்பது நம் கருத்து.

மூன்றாவதுதான் உண்மையான முடிச்சு. கணக்கு அமைக்கும்போது கைப்பேசி எண் கேட்கப்படுகின்றது. அவ்வெண்ணுக்கு ஆறு இலக்கங்கள் வருகின்றன. கடவுச்சொல்லை மறந்தாலும் அவ்வெண்தான் மீட்டுத் தரும். நம் வகுப்புக்கு முதல் பருவத்தில் வந்த மாணவியர் இருபத்திரண்டு பேருள் பதினான்கு பேர்க்குத் தம் பெயரில் கைப்பேசி எண் இல்லை. அத்தாவின் எண், அண்ணனின் எண், ஒருவர்க்கு மாமுவின் எண். இலக்கங்களைக் கேட்க வீட்டுக்கு அழைத்தால் அண்ணன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கின்றார், எடுக்கவில்லை. எடுத்துச் சொல்வதற்குள் இலக்கங்களின் காலம் கடந்துவிடுகின்றது. அவ்வெண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டால், சிறிது காலத்தில் அது வேறொருவர்க்குப் போய்விடும். அப்போது பெட்டியின் மாற்றுத் திறவுகோலும் அவருடன் போகும். இவ்விடத்தில் சமுதாயப் பெரியோரை நோக்கி ஒன்று சொல்லியாக வேண்டும். பெண்பிள்ளை கையில் கைப்பேசி வேண்டாம் என்று எண்ணுவோரின் அச்சத்தை நாம் இகழவில்லை. நாமும் பெண்ணைப் பெற்றவரே. ஆனால் கல்லூரியில் சேர்க்க அழைத்து வரும் நீங்கள், கல்வி உதவித்தொகை வந்ததா என்று கேட்கும் நீங்கள், அச்செய்தி வரும் வாயிலை அவர் பெயரில் திறக்க மறுத்தால் எவ்வாறு? ஓர் எண்ணைப் பிள்ளையின் பெயரில் வாங்குங்கள். கைப்பேசி சிறியதாக இருக்கட்டும், பொத்தான் வைத்த பழைய வகையாகவே இருக்கட்டும். ஆறு இலக்கங்களைப் பெற அது போதும். சென்ற ஆண்டு ஒரு பெரியவர் இதனைக் கேட்டு, "என் பேத்திக்கு வர்ற கடுதாசியை நான் பிரிச்சுப் பார்த்ததில்லை சார். இதுவும் அப்படித்தானே?" என்றார். ஆம், அப்படித்தான் என்றோம். மறுவாரமே வாங்கிக் கொடுத்தார். வேறு சிலர் கேட்டுக்கொண்டு போயினர், வாங்கவில்லை.

அமைத்த பின் எழுதக் கற்பித்தல் நமக்கு உவப்பான பகுதி. பொருள் என்னும் கட்டத்தை வெறுமையாக விடுவதே பலரின் வழக்கம். பொருள் இல்லாத மடல் மேலுறை இல்லாத கடிதம். விண்ணப்ப எண், பெயர், வேண்டுவது என்ன என்பவற்றை ஒரு வரியில் அடக்குக என்கின்றோம். நூற்பா படித்தவர்க்கு இது கடினமா? நகல் என்னும் கட்டமும் மறைநகல் என்னும் கட்டமும் வேறு. நகலில் இட்டால் யார் யார்க்குச் சென்றது என்பதை எல்லாரும் காண்பர்; மறைநகலில் இட்டவரைப் பிறர் காணார். தட்டச்சுப் பொறிக்கடியில் கரித்தாள் வைத்து நகல் எடுத்த காலத்துச் சொல்லின் எச்சமே அந்த ஆங்கிலச் சுருக்கெழுத்து. கரித்தாளைக் கண்டிராத மாணாக்கர்க்கு நம் துறை அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினோம். விரலில் கறை பட்டது, மகிழ்ந்தனர். அனுப்பிய மடலைச் சில நொடிக்குள் திரும்பப் பெறலாம் என்பதையும் காட்டினோம். அமைப்பில் மாற்றிக்கொண்டால் 30 நொடி வரை காலம் உண்டு. வில்லினின்று புறப்பட்ட கணை திரும்பாது என்று படித்தவர்க்கு இது புதுமை. பரிசு விழுந்தது, வங்கிக் கணக்கு முடங்கும், இதைத் தொடுக என்று வரும் பொய்ம்மடல்களுக்குத் தனியே ஒரு வகுப்பு வைத்தோம். அனுப்பியவரின் பெயரை நம்பாதே, முகவரியைப் பார் என்பதே அதன் சாரம். நம் கல்லூரியின் பெயரிலேயே வந்த ஒரு போலி மடலைத் திரையில் காட்டியபோது, அதிலிருந்த தமிழ்ப் பிழைகளைக் கொண்டே இது போலி என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார். ஒற்றுமிகாமையை இவ்வளவு பயன்படக் கற்ற வகுப்பு வேறில்லை.

மாதம் ஒரு முறையேனும் பெட்டியைத் திறக்க வேண்டும். ஈராண்டு தொடாமல் விட்ட கணக்குகளை நீக்கும் உரிமையைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் செயற்படுத்தி வருகின்றது. அண்ணன் தம்மாமிலிருந்து திரும்பி ஊரில் கடை வைத்திருக்கின்றார். அவரிடம் இதனைச் சொன்னபோது, அன்றிரவே அமர்ந்து தம் பழைய பெட்டிகள் மூன்றையும் திறக்க முயன்றார். ஒன்று திறந்தது.

மேற்சொன்ன பென்னாகரத்து மாணவி மறு ஆண்டு தம் முகவரியில், தம் எண்ணில் விண்ணப்பித்துப் பயிற்சியில் சேர்ந்தார். விடுமுறையில் வரும்போது நம் வகுப்பில் இரண்டாம் வரிசையில் அமர்ந்து புதியவர்க்கு உதவுகின்றார். பிறர் கடவுச்சொல் இடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கத்தை அவருக்கு நாம்தான் சொன்னோம். அவரோ ஒரு படி மேலே சென்று எழுந்து சன்னலருகே போய் நிற்கின்றார்.

இவ்வாண்டு வகுப்பு ஜூலை மாத முதல் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தமிழ்த்துறை அறையில் தொடங்கும். மாணாக்கர் மட்டுமன்றிப் பெற்றோரும் அலுவலக உதவியாளரும் வரலாம், கட்டணம் இல்லை. வருவோர் தம் பெயரில் உள்ள கைப்பேசி எண்ணையும், பத்தாம் வகுப்புச் சான்றிதழின் படியையும், கோடிட்ட சிறு குறிப்பேடு ஒன்றையும் உடன் கொண்டு வருக.